தமிழுக்கு இரண்டை அழுத்தவும்

நஞ்சன்கூட்டில் ஒரு மாட்டுத்தீவனக் கம்பெனியில் அய்யாவு என்பவருக்கு மூட்டை தூக்கும் வேலை. வாழ்க்கையில் அவருக்குப் பதவி உயர்வு மாதிரி ஏதாவது கிடைத்ததென்றால் அது தொலைபேசியால் வந்ததுதான். கம்பெனி இணையத் தொலைபேசிக்கு மாறியது. யார் கூப்பிட்டாலும் ஒரு பெண்குரல் கன்னடத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு என்று சொல்லும். ஒன்றை அழுத்தினால் அலுவலக மேசை. இரண்டை அழுத்தினால் அழைப்பு நேராக அய்யாவுவின் சட்டைப்பைக்கு வந்துவிடும். தமிழுக்கென்று தனியாக ஆள் போட மேலாளர் கிரணுக்கு என்ன பைத்தியமா?

"உனக்கு ரெண்டு பாஷையும் வருதல்லா, நீயே எடு. ஒரு கால் கூட மிஸ் ஆகக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

கர்நாடக எல்லையோரத்து ஹனூர்க்காரரான அய்யாவுக்கு இதில் பெருமை வேறு. ஷிப்ட் பஸ் போயிற்றா, லோடு வந்ததா என்று கேட்பவர்களுக்கெல்லாம் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே பதில் சொல்வார். மைசூரில் எங்கள் பக்கத்து வீட்டில்தான் குடியிருந்தார். சாயங்காலமானால் அந்தக் கம்பெனிக் குரலில் மனைவி பஞ்சவர்ணத்திடம் பேசிக் காட்டுவார். அவள் பாலாறு சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் கன்னடம்.

ஒருநாள் மத்தியானம் மூட்டை அடுக்கின் உச்சியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. எடுக்காமல் விட முடியுமா? ஒரு கையைக் கயிற்றிலிருந்து எடுத்தார். தலைகீழாக விழுந்தார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வீட்டுக்குச் சொல்லலாமென்றால், வேலையில் சேர்ந்த அன்று வீட்டு எண் கேட்டபோது மனிதர் தன் எண்ணையே கொடுத்து வைத்திருந்தார். அடித்துப் பார்த்தார்கள். உடைந்த போன் எப்படி எடுக்கும்? அத்தோடு கைகழுவிவிட்டார்கள். நேரில் வந்து சொல்ல ஒரு நாதி இல்லை.

பொழுது சாய்ந்தும் ஆள் வராததால் பஞ்சவர்ணம் கம்பெனியைக் கூப்பிட்டு இரண்டை அழுத்தினாள். இறந்தவரின் போனுக்குப் போன அழைப்பு, அங்கே யாரும் எடுக்காததால் கன்னட மேசைக்குத் திரும்பியது. அங்கிருந்த வைஷாலிக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது.

"அய்யாவு எல்லி?" என்று, எங்கே என்பதைத் தனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டாள் பஞ்சவர்ணம்.

"மத்யானானே தீர்க்கொண்ட்ரு மா."

யார் பேசுவது என்றுகூடக் கேட்காமல் வைஷாலி அடுத்த அழைப்புக்குப் போய்விட்டாள். கன்னடத்தில் 'தீர்க்கொண்ட்ரு' என்றால் இறந்துவிட்டார் என்று அர்த்தம். பஞ்சவர்ணத்தின் காதில் அது தமிழாக விழுந்தது.

"மத்தியானமே வேலையத் தீத்துக்கிட்டாராமுங்கக்கா. எங்கயோ கடைக்குப் போயிருப்பாரு" என்று என் மனைவி ஜோதிமணியிடம் சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

அதற்குள் கிரணுக்கு ஒரு கடமை ஞாபகம் வந்திருந்தது. செத்தவரின் எண்ணை எடுத்துவிட்டு, கரியப்பன் என்ற இன்னொரு மூட்டைக்காரரின் எண்ணுக்குத் தமிழ் அழைப்புகளைத் திருப்பிவிட்டார்.

சோறு வெந்து ஆறியும் அய்யாவு வரவில்லை. பஞ்சவர்ணம் மறுபடி இரண்டை அழுத்தினாள். இந்தத் தடவை தமிழ்க்குரல் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது.

"ஏனுங்க, அய்யாவு கெளம்பிட்டாருங்களா?"

"அய்யாவுங்களா? அவரு மேல இருந்து உழுந்து செத்துட்டாருங்களே" என்றார் கரியப்பன். புது வேலை, குரலில் அத்தனை பணிவு. "இனிமே தமிழுக்கு நான்தானுங்க. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்கம்மிணி."