சித்தி திறக்காத கதவு

செல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து வைகை கூப்பிடு தூரம். சித்திரையில் அழகர் ஒருவர்தான் ஆற்றில் இறங்குவார். எங்கள் வீட்டில் இருபது பேர் வந்து இறங்குவார்கள். நான்கு நாளும் அத்தனை பேருக்கும் பொங்கிப் போடுவது அம்மா. அந்த நாட்களில் எங்கள் வீட்டுத் தறிகளுக்குக்கூட ஓய்வு உண்டு.

எனக்கு ஏழு வயது நடந்த வருஷம், திருவிழா நெருக்கத்தில் அம்மாவுக்கு வயிற்றுவலி என்றார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அப்படியும் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சித்தி, அம்மா கையிலிருந்த முறத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அக்கா, நீ உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுட்டுப் படுத்துக்க. நான் குரல் குடுத்தாத்தான் தொறக்கணும்."

"வாரவுக என்ன நெனப்பாக?"

"நெனச்சுட்டுப் போகட்டும்."

நூல் மூட்டைகள் வைக்கும் உள்ளறைக்குள் அம்மா போனாள். வெளியே கதவை ஒட்டி ஒரு பலகையைப் போட்டுச் சித்தி உட்கார்ந்துகொண்டாள்.

அன்று நண்பகலில் விருந்தாளிகள் வந்தார்கள். முதலில் நுழைந்த அத்தை, அப்பாவுக்கு மூத்தவர், வழக்கம்போல அம்மாவைத் தேடினார்.

"அக்காவுக்கு முடியல மதினி. மூணு நாளைக்கு எந்திரிக்காது" என்றாள் சித்தி. "அரிசி, பருப்பு எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். ஆளுக்கு ஒரு வேலை பாத்தா ஒரு மணி நேரத்துல சாப்பிட்டுரலாம்."

"விருந்துக்கு வந்த வீட்டுல நாங்களே பொங்கித் திங்கணுமோ?"

"ஆமா மதினி. நானும் கூட நிக்கிறேன்."

அத்தை நேரே போய் அப்பாவை அழைத்து வந்தார். அப்பாவும் சித்தியும் அதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அந்தக் கால முறை அப்படி. ஆகவே இருவரும் நாலடி தூரத்தில் இருந்தபடி என் மூலமாகப் பேசினார்கள்.

"உங்க சித்திய அந்தக் கதவத் தொறக்கச் சொல்லு."

"தொறக்க முடியாதுன்னு உங்க அப்பாகிட்டச் சொல்லு பாப்பா."

நான் இரண்டையும் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னேன். அப்பாவின் முகம் சிவந்தது. அவர் ஓரடி முன்னால் வைத்ததும் சித்தி எழுந்து நின்றாள். முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்:

"இன்னும் நிக்கல மாமா. இப்ப எழுப்புனா அக்கா நமக்கு மிஞ்சாது."

என்ன நிற்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், சமையலுக்குத் தண்ணீர் இறைக்கத் தொடங்கினார். அதைப் பார்த்த அத்தை அடுப்பைப் பற்றவைத்தார். அன்று சோறு குழைந்து போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

கஞ்சியும் வெந்நீரும் கொண்டுபோகச் சித்தி மட்டும் உள்ளே போய்வந்தாள். என்னைக்கூட விடவில்லை. அம்மா இல்லாமல் அழகரைப் பார்த்தது எனக்குப் பெரிய குறை. எல்லாவற்றுக்கும் சித்திதான் காரணம் என்று முடிவு கட்டினேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கதவில் காது வைத்துக் கேட்டேன். உள்ளே அம்மா அழுதுகொண்டிருந்தாள். சித்தியிடம் ஓடினேன்.

"அம்மா அழுகுது. கதவத் தொற."

"அழட்டும் பாப்பா. யாரும் கூப்பிடாம இருந்தாத்தான அழ முடியும்."

இவ்வளவு கல்மனசா என்று அன்று இரவு முழுக்க அவளிடம் நான் பேசவில்லை. எனக்குப் பிறகு வரவிருந்த பிள்ளை மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டது என்பதை, எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். அப்போதும் அவள் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். சித்தியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.