ஆளில்லாத நட்சத்திரத்துக்கு ஆனேக்கல் பஸ்

காலை பதினொன்றரை மணிக்குப் பெங்களூரு விவேக் நகரில் ஆட்டோ பிடித்தேன். சில்க் போர்டு வரை நூற்றைம்பது ரூபாய். கிளம்பும்போதே கடுப்பு. என் விண்வெளி நாவலை வெளியிடவிருக்கும் சேவியர் சார் காலையில் போன் பண்ணிக் குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்.

"ஏழாவது அத்தியாயத்துல கப்பல் ஒரு நட்சத்திரத்துல போய் நிக்குது. அங்க மனுஷன் இல்ல, புழு பூச்சிகூட இல்ல. எதுக்குப்பா நிக்கணும்? மூணு மணிக்குள்ள காரணத்தோட வா. இல்லேன்னா அத்தியாயத்தையே தூக்கிட்டு அச்சுக்கு அனுப்பிடுவேன்."

அவர் வீடு ஆனேக்கலில். அந்த அத்தியாயத்துக்காகத்தான் நாவலையே எழுதினேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

12.20. சில்க் போர்டில் ஆனேக்கல் பஸ் கிடைத்தது. ஏறத்தாழ இருபத்தெட்டு கிலோமீட்டர். டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து காரணம் தேடினேன். என் கதையில் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் சுரங்கம் மாதிரி ஒரு வழி உண்டு, கப்பல் அதற்குள் புகுந்து போகும். எரிபொருள் போட நிற்கிறதா? ஐந்தாவது அத்தியாயத்திலேயே போட்டாயிற்று. கொள்ளையரிடமிருந்து ஒளியவா? கதையில் கொள்ளையரே கிடையாது. பொம்மசந்திரா வருவதற்குள் மூன்று தாளைக் கசக்கிவிட்டேன்.

1.35. சந்தாபுரம் தாண்டியதும் குழாய் பதிக்கிறார்கள் என்று சாலையை மறித்திருந்தார்கள். பஸ் ஒரு மண் பாதையில் இறங்கியது. சற்று நேரத்தில் ஒரு லேஅவுட் வந்தது. மனைக் கற்கள், தார் ரோடு, தெருவிளக்கு எல்லாம் இருக்கிறது, வீடு ஒன்றுகூட இல்லை. அதன் கோடியில் ஏரிக்கரை. அங்கே பஸ் நின்றேவிட்டது.

கண்டக்டர் அம்மா இறங்கி ஓடி, கரையைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினார்: "இல்லி! இல்லி!"

எனக்குப் பொறுமை போயிற்று. "இல்லைன்னுதான் தெரியுதே மேடம்! ஒண்ணும் இல்லாத இடத்துல எதுக்கு நிறுத்தினீங்க? மூணு மணிக்கு நான் போகணும்!"

பஸ்ஸே சிரித்தது. நீலசந்திராத் தமிழரான டிரைவர் முருகேஷ் திரும்பிப் பார்த்தார்.

"ஊருக்குப் புதுசா சார்? கன்னடத்துல இல்லின்னா 'இங்க'ன்னு அர்த்தம். கரை மேல ஒரு வண்டிதான் போகும். அந்தப் பக்கத்து பஸ் வந்துட்டிருக்கு. ஒதுங்க இங்க மட்டும்தான் இடம். அதைத்தான் கூப்பிட்டுச் சொல்றாங்க."

"எதிர்ல வண்டி வரலேன்னா?"

"அப்பவும் நின்னு பாத்துட்டுத்தான் ஏறணும். நடுவுல மாட்டினா யாரு சார் ரிவர்ஸ் எடுக்கறது?"

அட! என் சுரங்கத்திலும் ஒரு நேரத்தில் ஒரு கப்பல்தானே போக முடியும்! இரண்டு சுரங்கம் சந்திக்கிற நட்சத்திரத்தில் யாரும் குடியிருக்க வேண்டாம். ஒதுங்க இடம் இருந்தால் போதும்.

காரணம் கிடைத்த சந்தோஷத்தில் நானும் இறங்கினேன். இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். பெங்களூரு வந்த எட்டு மாதத்தில் இவ்வளவு வானத்தை நான் பார்த்ததில்லை. அது தண்ணீருக்குள்ளும் முழுசாக இறங்கியிருந்தது. அக்கரையில் யானை யானையாகப் பாறைகள். எண் போட்ட மனைக் கற்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றன. இன்ஜினை அணைத்ததும் காற்றின் சத்தம் மட்டும்தான். சற்று முன் சீட்டுக்குச் சண்டை போட்டவர்களெல்லாம் இறங்கி வரிசையாக நின்றார்கள்.

"அம்மாடி, எவ்ளோ பெருசு!" என்றாள் பக்கத்தில் நின்ற, கார்மெண்ட்ஸ் கம்பெனி அட்டை மாட்டிய பெண். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயமாகவும் இருந்தது, போக மனசும் வரவில்லை.

எதிர் பஸ் கரையிலிருந்து இறங்கி எங்களை உரசாத குறையாகக் கடந்தது. அதிலிருந்தவர்கள் முன்பின் தெரியாத எங்களுக்குக் கையசைத்தார்கள். நாங்களும் அசைத்தோம். மொத்தம் பத்து நிமிடம் இருக்கும்.

2.50. ஆனேக்கல். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். சேவியர் சார் கையில் சிவப்புப் பேனாவோடு காத்திருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

"வழிவிட நிக்குது. சரி, ஒத்துக்கறேன். அதுக்கு ஒரு வரி போதுமே? கப்பல்ல இருக்கறவங்க ஜன்னல் ஜன்னலா வந்து பாக்கறதை நாலு பக்கம் எழுதியிருக்கியே, அதை வெட்டிடலாமா? அங்கதான் யாருமே இல்லையே."

"நாங்க இருந்தோமே, சார்."

'அவங்க' என்று சொல்ல வேண்டியது, வாய் தவறிவிட்டது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.