மதினி சொன்ன யோசனை

தாராவியில் ஈர மரத்தில் கரண்டியும் கோப்பையும் செதுக்கத் தெரிந்தவள் ஜோஸ்பின் ஒருத்திதான் என்று பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு. போன மாதம் அவள் தம்பி பெண்டாட்டி ஸ்வீட்டியும் உளியைக் கையில் எடுத்துவிட்டாள்.

மழைக்கு முன் மாநகராட்சிக்காரர்கள் மாட்டுங்காவில் வெட்டிப்போட்ட மாங்கிளையில் ஆளுக்கொரு கோப்பை செதுக்கினார்கள். மாற்றலாகிப் போகிற சாமியாருக்கு அவற்றில் நன்றாக வருவதை மாதா கோவிலில் கொடுப்பதாக ஏற்பாடு. ஸ்வீட்டியின் கோப்பை அத்தனை மெல்லிசு. பார்க்கப் பார்க்க ஜோஸ்பினுக்கு வயிறு எரிந்தது.

"மதினி, இத எப்படிக் காய வைக்கணும்?"

மரச்சீவலுக்குள் புதைத்து மெதுவாகக் காயவிட வேண்டும், காற்றடித்தால் வெடித்துவிடும் என்பது ஜோஸ்பினுக்குத் தெரியும்.

"ஃபேனுக்கு முன்னால வையி. சட்டுனு காஞ்சிரும்."

மூன்றாம் நாள் ஸ்வீட்டி கோப்பையோடு ஓடிவந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. சுவர் ஒரே சீராக மெலிந்திருந்ததால் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலக் காய்ந்திருந்தது. ஜோஸ்பினின் தடித்த கோப்பையோ சீவலுக்குள் இன்னும் ஈரமாகவே கிடந்தது.

கோவிலில் ஸ்வீட்டி எல்லோரிடமும் சொன்னாள்: "எங்க மதினி சொன்னபடிதான் காய வச்சேன். ஏக்தம், ரொம்பச் சரியா வந்துட்டு!"

சாமியார் கோப்பையும் கையுமாக வந்து ஜோஸ்பினைப் பாராட்டினார். அவர் கையிலிருந்து அது நழுவி விழாதா என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.