பேய்க்கு எழுதிய இரண்டு வார்த்தை

பென்னாகரம் கடைவீதியில் மாவு மில் வைத்திருக்கும் மேனகாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கேழ்வரகு அரைத்து அரைத்துப் புருவம்வரை வெளுத்திருக்கும். கிட்டார் பிடிக்கத் தெரிந்த பையன்களெல்லாம் அவளைக் கொடியிடையும் முழங்கால்வரை கூந்தலுமாகக் கற்பனை செய்து வைத்திருக்கிறார்கள். நேரில் தேடி வந்தவர்கள் ஒரு கிலோ மாவை வாங்கிக்கொண்டு பேசாமல் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

எல்லாம் 'ராக்' தர்மன் பண்ணிய வேலை. இதே ஊரில் டேப்ரிக்கார்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன், பெங்களூருக்கு ஓடிப்போய் முடி வளர்த்து, 'நாளெ பா' என்று ஒரு பாட்டைக் கத்தினான். அப்படியென்றால் கன்னடத்தில் 'நாளைக்கு வா'. காதலி கதவில் அப்படி எழுதி வைக்கிறாள். இவன் மறுநாள் போகிறான். மறுபடியும் அதே எழுத்து. போய்ப் போய் அலுத்து, நெஞ்சு வெடித்து ஊரைவிட்டே போகிறான். இதுதான் பாட்டு. பெயரையாவது மாற்றித் தொலைத்திருக்கலாம். அதுவும் இல்லை. "மேனகா, மேனகா" என்று தொண்டை கிழிய அலறி வைத்தான்.

நடந்ததே வேறு. மேனகா பிறந்தது ஏரியூர்ப் பக்கம், வீட்டில் கன்னடம் பேசுகிற சனங்களின் சிற்றூரில். அவளுடைய இருபதாவது வயதில் அங்கே ஒரு புரளி கிளம்பியது. ஏதோ ஒரு பேய் தெரிந்தவர் குரலில் கூப்பிட்டுக் கதவைத் தட்டுகிறதாம், திறந்தால் ஆள் காலியாம். கதவில் 'நாளெ பா' என்று எழுதிவிட்டால் பேய் அதைப் படித்து, சரி, நாளைக்கு வருவோம் என்று திரும்பிவிடும். மறுநாள் வந்தாலும் நாளைக்குத்தான். மேனகா சாக்பீஸை எடுத்துத் தன் வீட்டுக் கதவில் பட்டையாக எழுதினாள். பள்ளிக்கூடத்தில் படித்தது தமிழ்தான் என்பதால் கன்னட வார்த்தையைத் தமிழ் எழுத்தில் எழுதினாள். பேய்க்குத் தமிழ் படிக்க வருமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பேய் வரவும் இல்லை. ரேடியோ ரிப்பேருக்கு வந்த தர்மன்தான் படித்தான்.

இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? பேய்க்கு எழுதினேன் என்று அவள் சொல்லச் சொல்ல ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. ஆசை காட்டிப் பையனை அலையவிட்டவள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணமான கையோடு பாட்டு வெளிவந்ததுதான் கொடுமை. மொரப்பூர்க்காரரான அவள் புருஷன் மாதப்பனுக்குக் கன்னடம் தெரியாது. பேய்க்கு எழுதினேன் என்று அவள் சொன்னபோது அவரும் சிரித்தார். அதன்பிறகு வீட்டில் சண்டை என்றால் குளியலறைக்குள்ளிருந்து அவர் பாடுகிற அந்தப் பாட்டுத்தான் கேட்கும். மேனகாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் தர்மனுக்குச் சொந்த ஊரில் தெரு இசை விழா எடுத்தார்கள். சாமி தேர் வந்தாலே முணுமுணுத்துக்கொண்டு ஒதுங்குகிற உரக்கடைக்காரர், தன் கடை வாசலிலேயே மேடை போட இடம் கொடுத்தார். 'காவியக் காதலியே வருக' என்று மேனகாவுக்கே ஒரு பிளெக்ஸ். விழாக் கமிட்டி அறிவழகன் மில்லுக்கே வந்துவிட்டான்.

"அக்கா, நீங்க மேடையேறி அண்ணனுக்கு ஒரு சால்வை போட்டாப் போதுங்க. சனம் அழுதுடும்."

"போடறேன். மைக்கு குடுப்பியா?"

"காதலைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா."

"பேசறேன் பேசறேன்."

ஊர் மொத்தமும் ஒரே தெருவில் கூடும். அந்த ஆளும் பக்கத்திலேயே நிற்பான். தன் பேரில் ஒட்டிய அழுக்கைக் கழுவ இதைவிட்டால் வேறு நேரம் வாய்க்காது என்று மேனகா முடிவுகட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காதைப் பிளக்கும் டிரம்ஸுக்கு நடுவே மேடையேறினாள். தர்மனுக்கு முன்தலையில் முடி போயிருந்தது. மிச்சத்தைப் பின்னால் குடுமி போட்டிருந்தான். சால்வையைப் போட்டுவிட்டு மைக்கைப் பிடுங்கினாள்.

"இந்தாளு பாடுனது பொய்யிங்க. நான் இவனைக் கூப்புடவே இல்ல. கதவுல எழுதுனது பேய்க்கு!"

கூட்டம் விசிலடித்தது. நல்ல காமெடி என்று நினைத்துக்கொண்டது. தர்மன் மைக்குக்கு எட்டாமல் அவள் பக்கம் குனிந்தான்.

"எனக்கு அப்பவே தெரியும் மேனகா. உங்க ஊர்ல ஆட்டுக் கொட்டாய்க் கதவுலகூட எழுதியிருந்துச்சே. பேயின்னு பாடுனா எவன் கேப்பான்?"

மேனகா அவனை முறைத்தாள். புத்தி கெட்ட பயல், தப்பாகப் புரிந்துகொண்டான் என்று இத்தனை வருஷம் அவன்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வைத்திருந்தாள். தெரிந்தே செய்திருக்கிறான்!

"இதை மைக்குல சொல்லு."

"வேணாம் மேனகா. என் பொழைப்பே அந்தப் பாட்டுதான்."

"சொல்றியா, சால்வையோட சேத்து உன் குடுமியையும் உருவட்டுமா?"

அவன் அவள் கையைப் பார்த்தான். மாவு மூட்டை தூக்கிய கை. மைக்கை வாங்கிச் சொன்னான்:

"அவங்க சொல்றதுதாங்க நெசம். அது பேய்க்கு எழுதுனது. தெரிஞ்சேதான் பாட்டா போட்டேன்."

 கூட்டத்தில் யாரோ ஒருவன், "அதெல்லாம் கெடக்கட்டும் தலைவா, பாட்டை எடு!" என்றான். டிரம்ஸ் அதிர்ந்தது. மொத்தக் கூட்டமும் "மேனகா, மேனகா" என்று கத்தியது. அவள் ஆடிப்போனாள். அவள் இராத்தூக்கம் கெட்டுச் சுமந்த பழியை இவர்களில் ஒருவர்கூட ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. மெய்யாவது பொய்யாவது, அவர்களுக்குப் பாட்டு வேண்டும்.

கீழே இறங்கி வந்தாள். மில் வாசலில் மாதப்பன் நின்றிருந்தார். கூட்டத்தில் பாடாதவர் அவர் ஒருவர்தான்.

"அவன் சொன்னது நெசமா?"

கிண்டல் செய்கிறாரென்று நிமிர்ந்து பார்த்தாள்.  அவருடைய கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கே சொன்னேனே. நீங்கதான சிரிச்சீங்க?"

"சிரிக்காம வேற என்னா பண்றது, மேனகா? வந்த பொண்ணு மனசுல எவனோ இருக்கான்னு தெருவுல ஒக்காந்து அழுவச் சொல்றியா?"

மேனகாவுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. குளியலறைப் பாட்டை எத்தனை நாள் நக்கல் என்று நினைத்துப் பல்லைக் கடித்திருப்பாள்! அப்புறம் அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கும் அழுகை முட்டியது. பட்டுப்புடவை என்றும் பார்க்காமல் முந்தானையால் அவர் கண்ணை அழுத்தித் துடைத்தாள்.

"இதைக் கேக்காம இத்தினி வருசமா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"