கோதாவரிக்கு ஒன்பது நாள் வழி

என் கணவர் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர். வாடப்போட்ட இலையைக் கையில் அள்ளி ஒருமுறை மோந்தால் போதும், எப்போது மிஷினில் போடலாம் என்று சொல்லிவிடுவார். வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் தெரியாது. அவர் சேர்ந்தாற்போல நான்கு நாள் லீவு எடுத்தது எங்கள் கல்யாணத்துக்குத்தான். அதிலும் மூன்றாம் நாள் ஃபேக்டரிக்கு ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அப்படிப்பட்டவர் போன கார்த்திகையில் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "பனிக்காலத்துல எல வரத்து கம்மியாத்தான் இருக்கும். பத்து நாள் லீவு போட்டுட்டுப் பொண்ணப் போயிப் பாத்துட்டு வரலாமா?" என்றார். நான் கையிலிருந்த குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் ஒரே மகள் நாசிக்கில், கோதாவரிக் கரையோரத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஒயின் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். மூன்று வருஷத்துக்கு முன் அந்த வேலை கிடைத்தபோது இவர், "படிக்க வெச்சது சாராயக் கம்பெனிக்கு அனுப்பறதுக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிறகு ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டில் கேக்கோடு கொடுக்கும் பிளம் ஒயினை மட்டும் சொட்டு மிச்சமில்லாமல் குடிப்பார். அது வேறு, இது வேறாம். ஒருவழியாகப் பேச்சு வந்தது. ஆனால் சாப்பிட்டாயா, தூங்கினாயா, மழை பெய்கிறதா என்பதோடு சரி. வேலையைப் பற்றி அவர் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. "ஒருக்கா அப்பாவக் கூட்டிட்டு வாங்கம்மா" என்று ஒவ்வொரு அறுவடைக்கும் என்னிடம்தான் கெஞ்சுவாள். திராட்சை அறுவடை மாசியோடு முடிந்துவிடும்.

ரயிலில் போகலாம் என்றேன். கூடவே கூடாது என்றார். பெண் வேலை செய்யும் இடத்தில் அப்பன் ஆட்டோவில் போய் இறங்கினால் அவளுக்கு என்ன மரியாதை? சொந்தக் காரில்தான் இறங்க வேண்டுமாம். சரி, இரண்டு மாநில எல்லை தாண்டி அந்தப் பழைய கார் போய்ச் சேர்ந்தால் சரி என்று விட்டுவிட்டேன்.

நான் துவக்கப்பள்ளி டீச்சர். ஃபோனில் மேப்பைத் திறந்து வழி பார்த்தேன். பந்திப்பூர்க் காட்டு கேட் காலை ஆறு மணிக்குத் திறந்ததும் நுழைந்தால் மைசூர், ஹூப்ளி, கோலாப்பூர், புனே என்று பெரிய சாலையிலேயே போய் மூன்றாம் நாள் நாசிக். அவரோ காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் தனியாக ஒரு வழி போட்டுக்கொண்டிருந்தார். மடிக்கேரி, சக்லேஷ்பூர், சிக்மகளூர், ஆகும்பே, அம்போலி, மகாபலேஷ்வர். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது நாள் வந்தது. எங்களூரில் தூரத்தைக் கிலோமீட்டரில் யாரும் கேட்பதில்லை, எத்தனை வளைவு என்றுதான் கேட்பார்கள். அந்தப் பழக்க தோஷத்தில் மலை ஊராகப் பார்த்துப் போட்டுவிட்டார் என்று முதலில் சிரித்தேன்.

"ஏனுங்க, பத்து நாள் லீவுல போறதுக்கே ஒம்பது நாளாகுதுங்க. பொண்ண எப்பப் பாக்கறது? கார்ல இருந்துட்டே கையாட்டிட்டு வர்றதா?"

"அது நல்ல ரோடு புள்ள" என்றார்.

தை பிறந்தது. அந்தத் தாளில் ஊர்கள் கூடினவே தவிர, கிளம்பும் தேதி விழவில்லை. ஞாயிறுதோறும் ஃபேக்டரிக்கு சாமான் வாங்க வேண்டும் என்று மேட்டுப்பாளையம் இறங்கிப் போனார், வெறுங்கையை வீசிக்கொண்டு திரும்பினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. சாராயக் கம்பெனி வாசலை மிதிக்க இவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, மகளிடம் முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை, அதுதான் மலை மலையாகச் சுற்றுகிறார் என்று முடிவு கட்டினேன். ஒரு சனிக்கிழமை காலையில் கேட்டும்விட்டேன்.

"அவ வேல பாக்கற எடத்தப் பாக்க உங்களுக்குப் புடிக்கலீன்னா சொல்லிப்போடுங்க. நான் தனியா ரயிலேறிப் போயிக்கறேன். அந்தப் புள்ளய இன்னும் எத்தன வருசம் ஏமாத்தறது?"

ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஃபேக்டரிக்குக் கிளம்பினார். போன வேகத்தில் ஃபோனை மறந்துவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் அது அடித்தது.

"சாருங்களா?" என்றது ஒரு ஆண் குரல். அவர் இல்லை, நான் வீட்டுக்காரி என்றேன்.

"மேட்டுப்பாளையம் டிரைவிங் ஸ்கூல்ல இருந்து பேசறனுங்க. நாளைக்கு வண்டி சர்வீஸ்ல நிக்குது, கிளாஸ் இல்லீன்னு சார்கிட்டச் சொல்லிருங்க. அடுத்த ஞாயிறு பெரிய ரோட்டுல விட்டுப் பாக்கலாம்."

"அவருக்கு எதுக்குங்க கிளாஸ்? முப்பது வருசமா மலையில ஓட்டறாரு."

"அதானுங்க சிக்கலே. வளைவே இல்லாத ரோட்டுல ஹாரன் அடிச்சுட்டே போறாரு. பின்னால லாரி வந்தா ஓரங்கட்டி நின்னு, அது போனப்புறந்தான் எடுக்கறாரு. ஆனா ஒரு வாரம்கூடத் தப்பறதில்ல. எதுக்கு சார் இந்த வயசுலன்னு கேட்டனுங்க. நான் டீ மேக்கரு, எம்பொண்ணு நாசிக்ல ஒயின் மேக்கரு, அவ முன்னால வண்டிய நிறுத்தி எறங்கணும்னாரு."

மகள் அங்கே உதவியாளர்தான், லேபில் சாம்பிள் பார்க்கிறவள். அவளை ஒயின் மேக்கர் ஆக்கியிருக்கிறார், அதுவும் முன்பின் தெரியாத ஒருவரிடம். காலையில் நான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்து, என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடர்ந்த மூடுபனியில் பர்லியார் வளைவுகளை அலட்டாமல் ஏறுகிற மனிதர், எல் போர்டு மாட்டிய காரில் காலேஜ் பிள்ளைகளோடு முறை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

சாயங்காலம் டீ கொடுக்கும்போது செய்தியைச் சொன்னேன். அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலையில எதுத்தாப்ல வர்றவன் நம்மளப் பாத்து மெதுவா வருவான். கீழ நேர் ரோட்டுல எல்லாம் பறக்கறானுக. பழக்கமாகலீன்னா அந்த ஒம்பது நாள் வழியிலயாவது போயிச் சேந்தரலாம்னுதான் போட்டு வெச்சேன்."

"நேர் வழியிலயே போலாமுங்க. ஹாரன் அடிச்சுட்டே போங்க, எவன் கேக்கறான்" என்றேன். காலையில் பேசியது தப்பு என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, மாசி ரெண்டாந்தேதி கிளம்பலாம் என்றார்.

அவர் குளிக்கப் போனதும் மகளுக்கு ஃபோன் போட்டேன். தேதியைச் சொன்னேன். டிரைவிங் ஸ்கூல் கதையைக் கேட்டுச் சிரித்தாள். அப்பா அவளைப் பற்றி என்ன சொன்னார் என்பதையும் அப்படியே சொன்னேன்.

"அம்மா, அத இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். இந்த முறை என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை.