பதிவு செய்யப்பட்ட எண்

எங்கள் வீட்டில் எது பழுதானாலும் சரிசெய்வது நான். பழுதாகிவிட்டது என்ற செய்தி போவது என் கணவருக்கு. இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள் என்று நான் பல வருடம் யோசித்ததே இல்லை. எரிச்சல்பட்டதோடு சரி.

தெலுங்கு பேசும் இந்த ஊரில், கச்சிபௌலியில் பதினோராவது மாடியில் இருக்கிறோம். தண்ணீர் ஃபில்டர் மாற்ற ஆள் வந்தால் கேட்டில் நின்றுகொண்டு என் கணவரைக் கூப்பிடுவான். அவர் ஆபீஸிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "ஆள் கீழ நிக்கான், பாரு" என்பார். நான் காவலாளியைக் கூப்பிட்டு அவனை மேலே விடச் சொல்வேன். மேலே வந்தவன் கதவைத் திறந்த என்னைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "சார் லேரா மேடம்?" என்பான். சார் இல்லை. இருந்தாலும் அந்த ஃபில்டர் மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்று சாருக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் ஓடிபி கேட்பான். அது சார் போனுக்குப் போயிருக்கும். நான் சாரைக் கூப்பிட்டு, அவர் மீட்டிங்கில் கிசுகிசுக்கும் ஆறு இலக்கத்தை வாங்கி அவனிடம் சொல்வேன். அடுத்த முறையிலிருந்து ஃபில்டரை நானே வாங்கி நானே மாட்டிவிட்டேன். ஒரு ஸ்பேனர் போதும், இருபது நிமிட வேலை.

இது ஒன்றும் பெரிய சாமர்த்தியம் இல்லை. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. நாள் முழுக்க பம்பையும் வால்வையும் கழற்றி மாட்டுகிறவளுக்கு கீசரில் தெர்மோஸ்டாட் மாற்றுவதும், இந்த ஊர் உப்புத் தண்ணீர் அடைத்த வாஷிங் மெஷினைச் சுத்தம் செய்வதும் எம்மாத்திரம்? ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் பார்வையில் நான் கதவு திறக்க வைத்திருக்கும் ஆள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காரும் அப்படித்தான். கார் என்னுடையது. ஆர்சி புத்தகத்தில் என் பெயர். தினமும் ஜீடிமெட்லாவுக்கு ஓட்டிப் போய்த் திரும்புவது நான். கணவர் கம்பெனி பஸ்ஸில் போகிறவர். ஆனால் அது புத்திசாலி கார். டயரில் காற்று குறைந்தால், கதவு சரியாக மூடாவிட்டால், சர்வீஸ் நாள் நெருங்கினால் எல்லாவற்றையும் போனுக்குச் செய்தி அனுப்பிவிடும். யார் போனுக்கு என்று சொல்லவேண்டியதில்லை.

சித்திரை வெயிலில் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். முழங்கால் ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம். ஊரின் மறுகோடியில், போலாரத்தில் அவளுடைய சித்தி மகள் வீடு இருக்கிறது, பார்த்தே ஆகவேண்டும் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போனேன். காலை நீட்டிக்கொள்ள வசதியாகப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். திரும்பும்போது வலி அதிகமாகிவிட்டது. ஒரு மருந்துக்கடை முன்னால், வெயிலிலேயே, காரை நிறுத்தினேன். ஏசியைப் போட்டுவிட்டுப் போகவா என்று கேட்டதற்கு, "வேண்டாம்ட்டி, ஏசி காத்துக்கு கால் கொடையுது. நீ போயிட்டு சட்டுனு வா" என்றாள்.

மாத்திரை வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் திரும்பினேன். கதவு திறக்கவில்லை. சாவியின் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் காரில் சாவியை எங்கும் நுழைக்க வேண்டாம். சாவி பக்கத்தில் இருந்தால் கார் அதை உணரும். சாவி தூரப் போய்விட்டது என்று அதற்குத் தோன்றினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவிக்குள் இருந்த பேட்டரி தீர்ந்துவிட்டது. நான் எங்கோ போய்விட்டதாக முடிவு செய்து, கார் என் அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டது.

உள்ளே இருப்பவர் கதவைத் திறக்கலாமே என்று கேட்கலாம். போன மாதம் தம்பி குழந்தைகள் வந்தபோது பின்கதவுகள் உள்ளிருந்து திறக்காதபடி போட்ட சைல்ட் லாக்கை நான் எடுத்துவிடவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அம்மா முன்பக்கம் கை நீட்டிப் பார்த்தாள். முழங்கால் மடங்கவில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் தோள் மாட்டிக்கொண்டு, எப்படியோ பின்னால் சரிந்து விழுந்தாள். கண்ணாடி இறங்காது, என்ஜின் ஓடவில்லை. அவள் வாய் அசைவது தெரிந்தது. கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டேன். "ஏட்டி, மூச்சு முட்டுதுட்டி" என்றாள்.

காரின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் குரல் மிகுந்த அன்போடு, பதிவு செய்யப்பட்ட எண்ணிலிருந்து அழைக்கும்படி சொன்னது. அம்மா உள்ளே இருக்கிறாள், வெயில் கொளுத்துகிறது, அங்கிருந்தே கதவைத் திறக்க உங்களால் முடியும்தானே என்று கத்தினேன். முடியும் என்றாள். பதிவு செய்யப்பட்ட எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறேன், அதைச் சொன்னால் உடனே திறந்துவிடலாம் என்றாள். நான்தான் சொந்தக்காரி, ஆர்சியில் என் பெயர் இருக்கிறது என்றேன். உங்கள் பாதுகாப்புக்காகத்தான் மேடம் என்றாள். என் பாதுகாப்பு! அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் போனைத் தரையில் அடிக்கத் தோன்றுகிறது.

கணவரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் போனை சைலன்ட்டில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர். ஏழு முறை கூப்பிட்டேன்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார், நான் இழுக்காத மாதிரி. ஒருவர் சார் எங்கே என்று தேடி, "சாப் கிதர் ஹை?" என்று என்னிடமே கேட்டார். ஓர் ஆட்டோக்காரர் செங்கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "டென்ஷன் நக்கோ லோ மேடம், காஞ்ச் ஃபோட் தேத்தூம்" என்றார். கண்ணாடியை உடைத்துத் தருகிறாராம். அந்தக் கூட்டத்தில் எனக்கு உதவியாக ஏதாவது சொன்னவர் அவர் ஒருவர்தான். "தோ மினிட்" என்று அவரை நிறுத்தி வைத்தேன். இரண்டு நிமிடத்தில் திறக்காவிட்டால் உடைத்துவிடச் சொல்லியிருப்பேன்.

அந்த இரண்டு நிமிடத்தில்தான் புத்தி வேலை செய்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் மின்சாரத்தில் பூட்டும் எந்தக் கருவிக்கும் கையால் திறக்க ஒரு வழி கட்டாயம் இருக்கும். வழி இல்லாமல் செய்தால் வாங்கமாட்டார்கள். காரிலும் இருந்தாகவேண்டும். செத்துப்போன சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் நகம் போகிற அளவுக்கு ஒரு சின்னப் பொத்தான். அதைத் தள்ளிக்கொண்டு இழுத்தேன். உள்ளே ஒளிந்திருந்த நிஜமான இரும்புச் சாவி வெளியே வந்தது. இரண்டு வருடமாக என் கைப்பையில் கிடந்திருக்கிறது. கார் விற்றவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாவி வந்தது, ஓட்டை இல்லை. ஓட்டுநர் கதவின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தேன். அதன் ஓரத்தில் ஒரு பகுதி மட்டும் தனி மூடி மாதிரி இருந்தது. அடியில் ஒரு கீறல். சாவி நுனியை அதில் விட்டு நெம்பினேன். பெயின்ட் பெயர்ந்து மூடி தெறித்து விழுந்தது. அதற்குப் பின்னால் இருந்தது சாவித் துவாரம். ஒரே திருப்பு. கதவு திறந்தது. உடனே கார் என்னைத் திருடி என்று எண்ணி ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறத் தொடங்கியது. அது அலறட்டும் என்று விட்டுவிட்டு, உள்ளே கையை விட்டுப் பூட்டை விடுவித்து, பின்கதவை வெளியிலிருந்து திறந்தேன். அம்மாவின் ஜாக்கெட் முதுகு முழுக்க நனைந்திருந்தது. ஆட்டோக்காரர் செங்கலைக் கீழே போட்டுவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

சர்க்கரை பார்க்கும் கருவிக்குப் போடுகிற வட்ட பேட்டரியை அதே மருந்துக்கடையில் வாங்கி, சாவியைப் பிளந்து மாட்டினேன். அலறல் நின்றது. இவ்வளவுதான் பழுது. ஒரு பொத்தான் அளவு பேட்டரி.

பாதி வழியில் கணவர் கூப்பிட்டார், கார் ஸ்பீக்கரில் எடுத்தேன். "என்ன, ஏழு தடவ கூப்ட்டிருக்க?" நடந்ததைச் சொன்னேன். பதறிப்போனார், அதை மறுக்கமாட்டேன். அத்தைக்குக் குடிக்க என்ன கொடுத்தாய், டாக்டரிடம் போகலாமா என்றெல்லாம் கேட்டார். பிறகு, "சாவி பேட்டரி கம்மின்னு பத்து நாளா மெசேஜ் வந்துக்கிட்டு இருந்துச்சு. ஒங்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன்" என்றார். நான் அழைப்பைத் துண்டித்தேன். பேசியிருந்தால் அம்மா முன்னால் பேசக்கூடாதது எல்லாம் வந்திருக்கும். அம்மாவோ பின்சீட்டிலிருந்து, "மாப்பிள்ளைய ஏசாதட்டி, பாவம், அவுகளுக்கு ஆயிரம் சோலி" என்றாள். எனக்கு ஒரு சோலியும் இல்லை அல்லவா.

அந்த வாரம் முழுக்க நான் மூக்குக்கு மேல் கோபத்தோடுதான் இருந்தேன். கோபம் கணவர் மேல் பாதி, கார் விற்ற இடத்தின் மேல் மீதி. கார் எடுத்த அன்று நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டு நின்றேன். நான் அங்கே நிற்கும்போதே எவனோ ஒருவன் என்னைக் கேட்காமல் சார் நம்பரை எழுதியிருக்கிறான். அவன் யார் என்று தெரிந்தாகவேண்டும் எனக்கு.

சனிக்கிழமை காலை ஆர்சியையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு கார் விற்ற ஷோரூமுக்குப் போனேன். கவுன்ட்டரில் கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. கார் யாருடையது என்று கேட்டேன். யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டேன். என் அம்மா உள்ளே கிடந்து வெந்தபோது உங்கள் பாதுகாப்பு யாரைப் பாதுகாத்தது என்று கேட்டேன். என் தெலுங்கு கோபத்தில் தடுமாறும், பாதி இந்தியில் முடியும். அன்று இரண்டிலும் தடுமாறவில்லை. என்னைக் கேட்காமல் இன்னொருவர் எண்ணை எழுதியவரைக் கூப்பிடுங்கள் என்றேன். காபி குடித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்றிருந்தது.

கவுன்ட்டர்காரர் எழுந்தார். உள்ளே போய்ப் பழைய ஃபைலைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, முதல் நாள் நிரப்பிய படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அதில் இருந்தது என் எழுத்து. ஆய்வுக்கூடத்தில் ஒன்றும் ஏழும் குழம்பாமல் இருக்க ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவோம். படிவத்தில் கைபேசி எண் என்ற கட்டத்தில், நடுவில் கோடு போட்ட இரண்டு ஏழுகளோடு, என் கணவரின் எண்ணை நானே அழகாக எழுதியிருந்தேன்.

நின்ற இடத்திலேயே எல்லாம் ஞாபகம் வந்தது. கேஸ், இன்டர்நெட், தண்ணீர் ஃபில்டர், மின்சாரம். நான் ரத்தம் கொடுத்த என் சொந்த சர்க்கரைப் பரிசோதனை. எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் என் கை தானாக அவர் எண்ணைத்தான் எழுதியிருக்கிறது. ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர்கூட ஒருநாளும் கேட்டதில்லை. கோபம் தணியவில்லை. போய் விழ இடமில்லாமல் என் மேலேயே திரும்பி விழுந்தது, அது முன்பைவிட மோசமாக இருந்தது.

"மாற்றுங்கள்" என்றேன்.

"கொத்த நம்பர் செப்பண்டி மேடம்" என்றார். புது எண்ணைச் சொல்லச் சொல்கிறார். ஆணி அடிப்பது போல ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். பத்தையும் தட்டினார். இப்போது உங்கள் போனுக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னால் முடிந்தது என்றார்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. இன்னொரு முறை அனுப்பினார். வரவில்லை. உங்கள் சிஸ்டமும் உங்களைப் போலத்தான் என்று மறுபடி ஆரம்பித்தேன். அப்போது போன் அடித்தது. என் கணவர்.

"ஏதோ ஓடிபி வந்திருக்கு, ரெண்டு தடவ. ஒனக்குத்தான? சொல்லட்டுமா?"

நான் போனை வைத்துவிட்டேன். புது எண் என்று நான் சொன்னதும் அவர் எண்ணைத்தான். கவுன்ட்டரில் இருந்தவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவரையாவது திட்டியிருப்பேன். என் எண்ணைத் தேடி என் போனைத் துழாவினேன். குடும்பத் திட்டம் என்று மூன்று வருடம் முன்னால் கணவர் வாங்கித் தந்த சிம். அந்த எண்ணை நான் எங்கும் சேமித்து வைக்கவில்லை, யாரும் என்னிடம் கேட்டதும் இல்லை.

அவர் தன் சொந்த போனை எடுத்துக் கவுன்ட்டர் மேல் வைத்து, "மிஸ்டு கால் இவ்வண்டி மேடம்" என்று, ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லித் தன் எண்ணைத் தந்தார். கொடுத்தேன். அவர் போன் ஒலித்தது. திரையில் வந்த எண்ணை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "கரெக்டேனா மேடம்?" என்று கேட்டார்.

சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.