வத்தலக்குண்டிலிருந்து வந்த நீலப் பாவாடை

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் பக்கத்துத் தெரு அக்கா ஒருவரும் திண்டுக்கல்லில் வீடு வீடாகப் போய், பிள்ளைகளின் பழைய துணி, புத்தகப் பை, நடைவண்டி எல்லாம் வாங்கி, இல்லாத வீடுகளுக்குக் கொடுத்துவந்தோம். அக்கா வீட்டில் பிரியாணிக் கடை. அங்கே காலியாகும் அரிசிச் சாக்குகளில்தான் எங்கள் மூட்டைகளைக் கட்டுவோம். ஒரே ஒரு கட்டுப்பாடு. திண்டுக்கல் துணி வத்தலக்குண்டுக்குப் போகும். வத்தலக்குண்டுத் துணி இங்கே வரும். ஆரம்பத்தில் ஒரு சிறுமி, "ஏய், அது என் கவுனு!" என்று நடுத்தெருவில் இன்னொருத்தியைப் பிடித்து இழுத்ததால் வந்த புத்தி அது.

வாங்கக் கூசும் தாய்மார்களிடம் பேசுவது என் வேலை. "இதுல என்ன இருக்கு? பிள்ளைக்குத்தானே" என்று வாய் ஓயாமல் அளந்துகொண்டே துணியைக் கையில் கொடுத்துவிடுவேன். லீவு நாட்களில் என் மகளும் கூட வருவாள்.

பிறகு என் கணவர் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பை மூடிவிட்டார்கள். அந்த ஜூனில் மகள் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடமும் புதிது, யூனிபார்மும் புதிது. நீலப் பாவாடை இல்லாமல் அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்குள் விடமாட்டோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தைக்க எங்களுக்கு வழியில்லை.

அந்த வாரம் வத்தலக்குண்டு மூட்டையைப் பிரித்தால், சரியாக அவள் அளவில் ஒரு நீலப் பாவாடை. கையில் எடுத்தேன், விரித்துப் பார்த்தேன், மடித்து வைத்துவிட்டேன். கேட்க வாய் வரவில்லை. அக்கா கவனித்துவிட்டார். நான் கிளம்பும்போது அதைப் பொட்டலமாகக் கட்டி, "ஒங்க தெருவுல ஒரு பிள்ளைக்கு வேணுமாம்ல, குடுத்துரு" என்றார். எந்தப் பிள்ளை என்று சொல்லவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

நானா வாங்குவது? வீட்டுக்குப் போகாமல், எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கும் பெண்ணின் வீட்டுக்குள் நுழைந்து அவள் கையில் திணித்தேன். அவள் மகள் மூன்றாம் வகுப்புதான்.

"எம் பிள்ளைக்கு இது தரையில இழுபடுமேக்கா."

"வளர்ற பிள்ளைதானே" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன். சொந்த மகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தப்போகும் வீறாப்பு அது. அன்றைக்கு அதற்கு மானம் என்று பெயர் வைத்திருந்தேன்.

மறுநாள் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தால், மகள் அந்த நீலப் பாவாடையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறாள். பூக்கட்டும் பெண் வந்து, "இது ஒனக்குள்ளது பாப்பா, தெரியாம எங்க வீட்டுக்கு வந்துருச்சு" என்று கொடுத்துவிட்டுப் போனாளாம். எங்கள் நிலைமை தெருவுக்கே தெரிந்திருக்கிறது. நான்தான் மூடி மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவுகட்ட என்ன சொன்ன?" என்று மகளிடம் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலம்மா. கையெடுத்துக் கும்பிட்டேன். நீ குடுக்கும்போது எல்லாரும் அப்படித்தானம்மா செய்வாக?"

ஆமாம், செய்வார்கள். அவளைவிடச் சின்னப் பிள்ளைகள்கூட என்னைக் கும்பிட்டிருக்கிறார்கள். ஒருமுறைகூட அந்தக் கைகளைப் பிடித்து நான் இறக்கிவிட்டதில்லை. நின்று அந்தக் கும்பிடுகளை வாங்கியிருக்கிறேன்.